பொலிகாளையின் விலை

தமிழில் 'அடிமாடு' என்று ஒரு சொல் உண்டு. உழைத்து ஓய்ந்த எருதையோ மடி வற்றிய பசுவையோ சந்தைக்கு ஓட்டும்போதுதான் அந்தப் பெயர் அதன்மேல் வந்து ஒட்டும். அதுவரை அது உழவு மாடு, வண்டி மாடு, கறவை. இறைச்சிக்கென்றே இனம் பெருக்கப்படும் மாட்டின் கதை வேறு. அது கருவாவதற்கு முன்பே அடிமாடு. எந்தக் காளையின் விந்தை எந்தப் பசுவுக்குச் செலுத்துவது என்று ஏட்டைப் பார்த்து முடிவு செய்யும் நாளிலேயே பாதிக் கணக்கு முடிந்துவிடுகிறது. பிறக்கப்போகும் கன்று எத்தனை மாதம் வாழும், எவ்வளவு எடையில் வெட்டப்படும், அதன் முதுகுத் தசைக்குள் கொழுப்பு எப்படிப் படர்ந்திருக்கும் என்பதையெல்லாம் அந்த ஏடு ஓரளவு சொல்லிவிடுகிறது.

கொல்லும் நேரத்தைப் பற்றியும் உண்ணும் நேரத்தைப் பற்றியும் சமயங்கள் நிறையச் சொல்லியிருக்கின்றன. யூதமும் இஸ்லாமும் கத்தியின் கூர்மைக்கும் அறுக்கும் முறைக்கும் விதி வகுத்தன. தனக்காகக் கொன்றதைத் துறவி கண்டிருக்கக் கூடாது, கேட்டிருக்கக் கூடாது, ஐயமும் கொண்டிருக்கக் கூடாது என்று பௌத்தம் எல்லை கட்டியது. சமணம் வாசலையே மூடிவிட்டது. ஆனால் உயிரை உண்டாக்கும் நேரத்தைப் பற்றிய பேச்சு இவற்றில் அரிதாகவே கேட்கிறது. இறைச்சி மாட்டு இனவிருத்தி எழுப்பும் கேள்வி அந்த நேரத்தைச் சேர்ந்தது. ஓர் உயிரின் உடலையும் ஆயுளையும் தன் இலாபத்துக்கு ஏற்ப முன்கூட்டியே வடிவமைக்கும் உரிமை மனிதனுக்கு எங்கிருந்து வந்தது? அந்த உரிமை இருந்தால், அதற்கு எல்லை எது?

இனவிருத்தியாளர் பார்ப்பவற்றை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. கன்று எளிதாக வெளிவர வேண்டும். பால்குடி மறக்கும் வயதில் நல்ல எடை இருக்க வேண்டும். தின்ற தீவனம் வீணாகாமல் சதையாக வேண்டும். தாய் ஆண்டுக்கு ஒரு கன்று தர வேண்டும். இவை இலாபத்தின் பக்கம். இறைச்சியின் பக்கம் மென்மை, சாறு, சுவை ஆகியவை உண்டு. தசைக்குள் பளிங்குக் கோடுகள்போல ஓடும் கொழுப்பு சாற்றோடும் சுவையோடும் பெரிதும் தொடர்புடையது. இந்தப் பண்புகள் எல்லாம் ஒரே வேகத்தில் மாறுவதில்லை. தசைக்குள் படரும் கொழுப்பில் மாட்டுக்கு மாடு தெரியும் வேறுபாட்டில் ஏறத்தாழப் பத்தில் நான்கு பங்கு மரபிலிருந்து வருகிறது. சினைபிடிக்கும் திறனில் அது பத்தில் ஒரு பங்குகூட வராது. அதனால் சந்தை விரும்பும் உடலைச் சில தலைமுறைகளில் வார்த்துவிடலாம். தாயின் நலனைச் சீராக்கப் பொறுமை வேண்டும். பணம் எந்தப் பக்கம் சாயும் என்பது இந்த இரண்டு எண்களிலேயே தெரிகிறது. 20 ஆண்டு வாழக்கூடிய விலங்கு பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டரை வயதுக்குள் வெட்டப்படுகிறது. வயது கூடக்கூட இறைச்சி கடினமாகும். தீவனச் செலவும் ஏறும்.

இந்தக் கணக்கை முதலில் தொழிலாக்கியவர் என்று இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் டிஷ்லி பண்ணையை நடத்திய இராபர்ட் பேக்வெல் (1725–1795) பெயரைச் சொல்வார்கள். ஏர் இழுப்பதும் பால் கறப்பதும் போக மிஞ்சியதை உண்பது என்ற பழைய வரிசையை அவர் தலைகீழாக்கினார். நீண்ட கொம்புள்ள மாடுகளை நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்த்து, விலை உயர்ந்த பாகங்களில் சதை திரளும்படி செய்தார். அவருடைய இன்னொரு புதுமை வரலாற்றில் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தன் செம்மறிக் கிடாக்களையும் காளைகளையும் விற்காமல் பருவத்துக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விட்டார். பெயர்பெற்ற கிடாக்களுக்கு நூற்றுக்கணக்கான கினி வாடகை கிடைத்தது. விலங்கின் உடலிலிருந்து அதன் வித்தைத் தனியே பிரித்து விலைபேசும் வழக்கம் அங்கே வேரூன்றியது. 1810இல் இனவிருத்தியாளர்களான காலிங் சகோதரர்களில் ஒருவரின் ஷார்ட்ஹார்ன் காளை 'காமெட்' ஏலத்தில் 1,000 கினிக்குப் போனது. இன்று நீர்ம நைட்ரஜன் கலனில் உறைந்து கிடக்கும் விந்துக் குச்சி அந்த வழக்கத்தின் நேர் வாரிசு.

சேர்க்கையைப் பற்றிச் சமயங்கள் சொன்ன சில வார்த்தைகள் இங்கேதான் பொருள் பெறுகின்றன. எபிரேய வேதத்தின் லேவியராகமம் 19ஆம் அதிகாரம் ஒரு வகைக் கால்நடையை வேறு வகையோடு சேர்க்காதே என்கிறது. பின்வந்த யூத ஆசிரியர்கள் இதை மாடும் கழுதையும்போல வெவ்வேறு விலங்கு வகைகளுக்கு உரிய தடையாகவே கொண்டார்கள். ஒரே மாட்டு வகைக்குள் இனம் கலப்பதை அது தடுக்கவில்லை. ஆனாலும் அதற்குள் ஒரு நினைப்பு இருக்கிறது. படைப்பில் வரையப்பட்ட கோடுகள் மனிதன் அழித்தெழுதுவதற்கு உரியவை அல்ல என்பதே அது.

இஸ்லாமிய மரபில் இன்னும் கூர்மையான விதி ஒன்று உண்டு. ஆண் விலங்கைப் பொலிக்கு விட்டுக் கூலி வாங்குவதை நபி தடுத்தார் என்ற செய்தி புகாரியின் நபிமொழித் தொகுப்பில் இடம்பெற்றிருக்கிறது. சினை நிற்குமா நிற்காதா என்று தெரியாத ஒன்றை விற்பது முறையல்ல என்று சட்ட அறிஞர்கள் அதற்குக் காரணம் சொன்னார்கள். காலவரை வைத்து வாடகைக்கு விடலாம் என்று சிலர் தளர்த்தினார்கள். மனமுவந்து தரும் அன்பளிப்பை ஏற்கலாம் என்று வேறு சிலர் சொன்னார்கள். அடிப்படை மட்டும் மாறவில்லை. வித்து, தண்ணீரைப்போல, அக்கம்பக்கத்தாருக்கு மறுக்கக் கூடாத பொருள்.

இந்திய மரபு இதையே ஒரு சடங்காகச் செய்தது. இறந்தவர் பெயரால் காளைக்கன்று ஒன்றை அவிழ்த்துவிடுவதற்கு விருஷோத்சர்க்கம் என்று பெயர். ஒரு பக்கம் சூலமும் மறுபக்கம் சக்கரமும் சூட்டுக்கோலால் பதித்து, குளிப்பாட்டி, மாலையிட்டு விட்டுவிடுவார்கள். அதன்பின் அதை யாரும் நுகத்தில் பூட்டமாட்டார்கள். யார் வயலில் மேய்ந்தாலும் அடிக்கமாட்டார்கள். ஊர்ப் பசுக்களுக்கெல்லாம் அதுவே பொலிகாளை. தமிழ்நாட்டில் கோயில் காளை, சாமி மாடு என்று சொல்வதும் இதே மரபின் உறவுதான். தானம் குற்றமற்றதாக இருக்க வேண்டும் என்பதால் ஊனமோ சுழிக்குற்றமோ இல்லாத, நடையும் நெஞ்சும் நன்றாக அமைந்த கன்றையே பெரியவர்கள் பொறுக்குவார்கள். ஆக, புண்ணியத்துக்கான தேர்வே இனத்துக்கான தேர்வாகவும் அமைந்தது. ஓங்கோல், நெல்லூர் சீமையின் வெள்ளை மாடுகள் தரம் குன்றாமல் நின்றதில் இந்தக் காளைகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

இதைப் பொற்காலமாக்கிவிட வேண்டியதில்லை. சூட்டுக்கோலின் வலி வலிதான். ஒரு கன்று சாமிக்குப் போனால் மற்ற காளைக்கன்றுகள் காயடிக்கப்பட்டு ஏருக்கும் செக்குக்கும் போயின. இல்லறத்தார் விலக்க வேண்டிய பதினைந்து தொழில்களைச் சமணம் பட்டியலிட்டபோது விலங்குகளுக்குக் காயடிப்பதையும் குறி சுடுவதையும் அதில் சேர்த்தது. அந்தக் காலத்திலேயே இதன் கொடுமையை உணர்ந்தவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அதுவே சான்று. ஆனாலும் ஒன்றை மறுக்க முடியாது. பொலிகாளைக்கு விலை இல்லை என்ற நிலையில், அதன் வழித்தோன்றல்களின் உடலை ஒரே திசையில் வளைக்கும் அவசரமும் இல்லை. இழுவைக்கும் பாலுக்கும் வெயிலுக்கும் வறட்சிக்கும் சேர்த்தே கன்று தேர்ந்தெடுக்கப்பட்டது. விலை வந்ததும் ஒற்றை நோக்கமும் வந்தது.

அதே ஓங்கோல் மாடு கடல் தாண்டியதும் நடந்ததைப் பார்த்தால் இது தெளிவாகும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, நெல்லூரும் ஓங்கோலும் சென்னை மாகாணத்தில் இருந்த நாட்களில், இம்மாடுகள் பிரேசிலுக்குப் போகத் தொடங்கின. 1920இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குப் போகும் வழியில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் தங்கிய மாடுகள் வெக்கை நோயை அங்கே பரப்பின. 1924இல் பாரிஸில் உலக விலங்கு சுகாதார அமைப்பின் மூல நிறுவனம் உருவானதற்கு அந்த நோய்ப்பரவலே தூண்டுகோல். 1960களின் தொடக்கத்தில் கடைசியாகப் பெரிய தொகுதி ஒன்று போனது. ஓங்கோலுக்கு அருகிலுள்ள ஊர் ஒன்றின் பெயரைத் தாங்கிய 'கர்வாடி' என்ற காளை அதில் ஒன்று. இன்றைய பிரேசில் மாட்டு வம்சங்கள் பலவற்றுக்கு அது பாட்டன். அங்கே இந்த இனத்துக்கு நெலோர் என்று பெயர். நெல்லூர்தான் அப்படித் திரிந்தது. பிரேசிலின் 20 கோடிக்கும் மேற்பட்ட மாடுகளில் ஐந்தில் நான்கு பங்கு திமிலுள்ள இந்திய வழி மாடுகள். அவற்றில் முதலிடம் நெலோருக்கு. 2023இல் வியாட்டினா-19 என்ற நெலோர் பசுவின் மூன்றில் ஒரு பங்கு உரிமை ஏலம் போனது. அந்த விலையை வைத்துப் பார்த்தால் முழுப் பசுவின் மதிப்பு 40 லட்சம் டாலரைத் தாண்டியது. 1,100 கிலோ எடையுள்ள அந்தப் பசுவின் கருமுட்டைகளே அதன் செல்வம். அதன் வம்சத்தில் பிறப்பவை இறைச்சி மந்தைகளை நிரப்பும்.

சிவன் கோயில் நந்திக்கு அழகு எது என்று கேட்டால் திமிலைத்தான் காட்டுவார்கள். ஆஸ்திரேலியாவின் இறைச்சித் தர நிர்ணய முறையில், தோலுரித்துத் தொங்கவிட்ட உடலில் திமிலின் உயரத்தை அளவுகோல் வைத்து அளக்கிறார்கள். திமில் உயர உயர மதிப்பெண் குறையும். அமெரிக்காவில் ஆங்கஸ் இன மாட்டிறைச்சிக்குத் தரச் சான்று வேண்டுமானால் திமில் இரண்டு அங்குலத்தைத் தாண்டக் கூடாது. இதற்குக் காரணம் உண்டு. உயிர் போனபின் தசையை மெல்ல இளக்கும் நொதிகளைத் தடுக்கும் கால்பாஸ்டாட்டின் என்ற புரதம் இந்திய வழி மாடுகளில் அதிகம். அதனால் கறி கடினமாகிறது. பிரேசிலில் நெலோர் பசுக்களுக்கு ஆங்கஸ் விந்தைச் செலுத்துவதும் இதனால்தான். ஓரிடத்தில் பூச்சூட்டப்பட்ட உறுப்பு இன்னோரிடத்தில் விலைக்குறைப்புக்கு அடையாளம். புனிதம் மாட்டின் இரத்தத்தில் இருந்திருந்தால் கப்பலிலும் அது கூடவே போயிருக்கும். மனிதர் அந்த மாட்டோடு வாழ்ந்த உறவில் அது இருந்தது. உறவு கரையிலேயே நின்றுவிட்டது. இது பிரேசில்காரருக்கு மட்டும் உரிய குறை அல்ல. கரையில் நின்ற நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. அது பின்னால் வரும்.

ஒற்றை நோக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு பெல்ஜியன் புளூ இனமே எல்லைக்கல். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் பெல்ஜியத்தில் இரட்டைத் தசை கொண்ட மாடுகளை மட்டும் தொடர்ந்து பொறுக்கி இந்த இனத்தை நிலைநிறுத்தினார்கள். தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மையோஸ்டாட்டின் மரபணுவில் 11 எழுத்துகள் விடுபட்டுப்போனதே காரணம் என்று 1997இல் தெரிந்தது. கடிவாளம் இல்லாத தசை, கொழுப்பு குறைந்த, மென்மையான, ஏராளமான இறைச்சியைத் தருகிறது. ஆனால் கன்றின் தொடை பெருத்துத் தாயின் இடுப்பு வழி குறுகிவிட்டதால், தூய இனப் பசுக்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அறுவையால்தான் கன்று ஈனுகின்றன. பசு நின்றபடியே இருக்கும். இடது விலாவுக்குப் பின்னால் மயிரை மழித்து, மரத்துப்போக ஊசி போட்டு, கால்நடை மருத்துவர் பக்கவாட்டில் கிழித்துக் கருப்பையை வெளியே இழுத்துத் திறக்கிறார். ஈரம் சொட்டும் கன்றைப் பின்னங்கால் பிடித்துத் தூக்குகிறார்கள். பிறகு அடுக்கடுக்காகத் தையல். அடுத்த ஈற்றிலும் இதே விலாதான், பழைய தழும்பை ஒட்டி. வலி குறைவு, மருத்துவர் தேர்ந்தவர், பசு விரைவில் தேறிவிடுகிறது என்ற பதில்களில் உண்மை உண்டு. அவை கேள்வியைத் தொடவில்லை. தன்னால் ஈன முடியாத தாயை ஓர் இனத்தின் இலக்கணமாகவே ஆக்கிவிட்டார்கள் என்பதல்லவா கேள்வி.

இந்த இடத்தில் அரிஸ்டாட்டில் சொன்ன 'டெலோஸ்' உதவுகிறது. ஒவ்வோர் உயிரின் அமைப்பிலேயே அதன் இலக்கும் பொதிந்திருக்கிறது என்பது அந்தக் கருத்து. அமெரிக்க மெய்யியலாளர் பெர்னார்ட் ராலின் இதை விலங்கு அறத்துக்குக் கொண்டுவந்தார். இயல்பை மாற்றுவதே பாவம் என்று அவர் சொல்லவில்லை. மரபணுவில் கைவைத்து உண்டாக்கிய விலங்கு அதன் மூல இனத்தைவிட மோசமான நிலையில் இருக்கக் கூடாது என்றார். எளிமையான அளவுகோல்தான். பெல்ஜியன் புளூவை அதன் பக்கத்தில் நிறுத்தினால் தோற்றுவிடும்.

எதிர்வாதம் ஒன்று பழையது, வலுவானதும்கூட. இறைச்சி கேட்பவர் இல்லாவிட்டால் இந்த மாடே பிறந்திருக்காது. இருபது மாதம் நல்ல மேய்ச்சலில் வாழ்ந்த உயிர் இல்லாமையைவிடப் பேறு பெற்றதல்லவா என்பது அது. ஆங்கிலச் சிந்தனையாளர் ஹென்றி சால்ட் இதற்கு 'உக்கிராண அறைத் தர்க்கம்' என்ற பொருளில் பெயர் வைத்து 1914இல் பதில் எழுதினார். இலண்டனில் மாணவராக இருந்த காந்தியைக் கொள்கை வழிச் சைவ உணவுக்குத் திருப்பிய நூலும் சால்ட் எழுதியதுதான். பிறவாத ஒன்றுக்கு இன்பமும் இல்லை, இழப்பும் இல்லை. இல்லாத ஒருவருக்கு உதவி செய்ததாக யாரும் நன்றி கேட்க முடியாது என்பது அவருடைய பதில். 1984இல் மெய்யியலாளர் டெரெக் பார்ஃபிட் இந்தச் சிக்கலை மனிதரை வைத்து விரித்து, தீர்வு எளிதல்ல என்று காட்டினார். தீராத வாதம் என்றாலும் ஒரு முடிச்சு இதில் அவிழ்கிறது. கன்றைப் பிறப்பித்தது அதற்குச் செய்த உதவி என்று கொண்டாலும், உதவி செய்தவருக்கு உயிரின்மேல் உரிமை வந்துவிடாது. பெற்றதாலேயே பிள்ளையின் உயிர் தமது என்று எந்தப் பெற்றோரும் சொல்ல முடியாததுபோல. படைத்தவனுக்குப் பொறுப்பு கூடுமே தவிர, உரிமை கூடுவதில்லை.

இறைச்சித் தரம் இதில் எதிர்பாராத ஒரு பக்கத்தைக் காட்டுகிறது. வெட்டுவதற்கு முன் மாடு அஞ்சினாலோ களைத்தாலோ தசையில் சேமித்த சர்க்கரை தீர்ந்துபோகிறது. அதனால் இறந்தபின் அமிலம் போதிய அளவு உண்டாகாமல் கறி கறுத்து, கெட்டியாகி, விரைவில் கெடும். ஆகவே தரம் வேண்டுபவர் மாட்டைப் பதறவிடக் கூடாது. சாந்த குணமும் மரபில் வருவது; அதற்கும் தேர்வு நடக்கிறது. இலாபத்துக்காகக் காட்டும் மென்மை அறமாகுமா? வினையின் வேர் எண்ணமே என்று கொள்ளும் பௌத்தம் தயங்கும். புத்தர் இல்லறத்தாருக்கு விலக்கிய ஐந்து வணிகங்களில் இறைச்சி வணிகம் ஒன்று. பன்றி, மான் போன்றவற்றை வளர்த்து விற்பது என்றே பாலி உரை அதை விளக்குகிறது. அதாவது பழி வெட்டுபவரிடம் நின்றுவிடாமல் வளர்ப்பவரிடமும் வருகிறது. ஆனால் மாட்டின் பக்கம் நின்று பார்த்தால், எந்த எண்ணத்தில் வந்த மென்மையானாலும் அடி விழாத நாள் அடி விழாத நாள்தான். எண்ணத்தைக் காட்டி அதைத் தள்ளிவிடுவது மாட்டுக்குச் செய்யும் நியாயமாகாது.

ஜப்பானில் இந்தத் தயக்கம் கல்லில் நிற்கிறது. 675இல் தென்மு பேரரசர் மாடு உள்ளிட்ட சில விலங்குகளின் இறைச்சியைத் தடைசெய்தார். 1872இல் மெய்ஜி பேரரசர் மாட்டிறைச்சி உண்ட செய்தி வெளியாகி, அதை ஊரறிய ஏற்றதாயிற்று. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் ஏர் இழுத்த மாட்டின் வழியில்தான் இன்று தசையெல்லாம் கொழுப்புக் கோடாக மின்னும் வாகியூ வருகிறது. அந்த நாட்டின் இறைச்சிக்கூடங்களிலும் கால்நடை ஆய்வுப் பண்ணைகளிலும் 'சிக்கோன்ஹி' என்னும் நினைவுக்கல்லைக் காணலாம். கால்நடைகளின் ஆன்மாவுக்கு எழுப்பியது. ஊழியர்கள் அங்கே கூடி, ஊதுவத்தி ஏற்றிக் கைகூப்புகிறார்கள். குற்றவுணர்வைக் கழுவிக்கொள்ளும் எளிய வழி இது என்று குறை சொல்பவர்கள் உண்டு. கல் கொலையைத் திருப்பி எடுக்காது என்பது உண்மை. ஆனால் கணக்கேட்டில் எடையாக மட்டும் இருந்ததை உயிர் என்று பெயர் சொல்லி அழைக்கும் அந்தச் சில நிமிடங்களைப் பொய் என்று தள்ள மனம் வரவில்லை.

இனி, கரையில் நின்ற நாடு. இந்திய அரசமைப்பின் 48ஆம் பிரிவு கால்நடை வளர்ப்பை அறிவியல் வழியில் நடத்தவும், இனங்களைக் காத்து மேம்படுத்தவும், பசு, கன்று, பிற கறவை, இழுவை மாடுகளைக் கொல்வதைத் தடுக்கவும் ஒரே மூச்சில் சொல்கிறது. அறிவியல் வழி என்பது நடைமுறையில் பாலுக்கான தேர்வாயிற்று. ஜெர்சி, ஹோல்ஸ்டீன் சினை ஊசி ஊர்தோறும் வந்தது. டிராக்டர் வந்து எருதின் வேலையை எடுத்துக்கொண்டது. கலப்பினப் பசுவுக்குப் பிறக்கும் காளைக்கன்றுக்கு ஏருமில்லை, வண்டியுமில்லை. சீம்பால் காலம் முடிந்ததும் அது தாய்மடியை விட்டு ஒதுக்கப்படுகிறது. பல கொட்டில்களில் பசியால் ஒடுங்குகிறது, அல்லது தரகர் கையில் போகிறது. ஏறத்தாழப் பத்துக்கு ஒன்பது கிடேரியே பிறக்கும்படி பாலினம் பிரித்த உறைவிந்தை இப்போது அரசே மானிய விலையில் தருகிறது. காளைக்கன்று பிறக்காமலே தடுப்பதால் துன்பம் குறைகிறது, ஐயமில்லை. அதே நேரத்தில், மாட்டில் பாதி இனம் வேண்டாத இனம் என்று தீர்ப்பும் எழுதப்படுகிறது. திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரம், தின்பவர் இல்லாவிட்டால் விற்பவர் இல்லை என்று பொருள்படும் வாதத்தை முன்வைக்கிறது. வாங்குபவரின் ஆசை விற்பவரிடம் நிற்பதில்லை. பொலிகாளையைத் தேர்ந்தெடுப்பவர் வரை போகிறது. பால் வாங்குபவரின் ஆசையும் அப்படித்தான். இறைச்சி உண்ணாதவர் இந்தக் கேள்விக்கு வெளியே நிற்கிறார் என்று நினைப்பது தவறு.

இனவிருத்தியையே கைவிட முடியாது. வளர்ப்பு விலங்கென்றாலே அது மனிதத் தேர்வில் வந்தது. எந்தப் பண்பைத் தேடுவது என்பதில்தான் அறத்துக்கு இடம். பிறவியிலேயே கொம்பில்லாத மரபைப் பரப்பினால் கன்றுகளுக்குக் கொம்பு சுடும் வலி இல்லாமல் போகும். கன்று ஈனும் எளிமையை முதல் வரிசையில் வைத்தால் தாய் பிழைக்கும். சந்தை இவற்றுக்கும் ஓரளவு விலை தருகிறது, ஆனால் பெருத்த தொடைக்குத் தருவதைப்போலத் தானாக முந்திக்கொண்டு தருவதில்லை. ஆகவே சட்டமும் வேண்டியிருக்கிறது. விலங்குக்குத் துன்பம் தரும் இனவிருத்தியைத் தடுக்கும் சட்டம் சுவீடனில் இருந்தது. பெல்ஜியன் புளூ விந்தைப் பயன்படுத்தியதற்காக அங்கே வழக்குத் தொடுத்தார்கள். அது ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 1998இல் தீர்ப்பு வந்தது. தூய இனமாக ஏற்கப்பட்ட காளையின் விந்தை, அந்த இனத்தில் மரபுக் குறை இருக்கிறது என்ற காரணம் காட்டி ஓர் உறுப்பு நாடு தடுக்க முடியாது என்றது நீதிமன்றம். உறுப்பு நாடுகளுக்கிடையே இனப்பெருக்க விலங்குகளின் வணிகத்துக்குப் பொது விதி இருக்கிறது என்பது அதன் அடிப்படை. அந்த வழக்கில் கத்தியைப் பற்றியோ கறியைப் பற்றியோ வாதம் இல்லை. ஒரு பசுவுக்கு எந்தக் குச்சியிலிருந்து ஊசி போட்டார்கள் என்பதைப் பற்றியே இருந்தது.